வெள்ளிக்கிழமைக் கதிரை

“மீன்காரியின்ர பெட்டைக்கு ஆர் கதிரை குடுக்கப்போகினம்?” என்று மாமா கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை. கிழிந்த வலையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பொத்திக்கொண்டிருந்தவர், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், நாளைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று விசாரிப்பதுபோலத்தான் கேட்டார். பத்தாம் தரத்தில் வர்த்தகப் பாடத்தைத் தெரிவுசெய்துவிட்டு வந்து, சல்லிக் கடற்கரையில் எங்கள் வீட்டு வாசலில் நின்று அதை நான் பெருமையாகச் சொன்ன பின்னேரம் அது. அம்மா மீன் கடகத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். “அவள் படிக்கட்டும், தம்பி,” என்று மட்டும் சொன்னார்.

அப்பா எனக்கு எட்டு வயதாக இருந்தபோது கடலில் போனவர். அதற்குப் பிறகு மாமாவின் வள்ளமும் அம்மாவின் கடகமும்தான் வீடு. அம்மாவுக்குக் கைநாட்டு. மாமாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். கடலுக்குப் போகக் கடற்படை கொடுக்கும் பாஸுக்குக் கையெழுத்து வைக்க வேண்டும் என்பதற்காகப் பழகிக்கொண்டது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். மாமா அதைத் தடுக்கவில்லை. ஆனால் ஒரு எல்லை வைத்திருந்தார். சாதாரண தரப் பரீட்சை எழுதலாம். அது முடிந்து கையில் ஒரு வேலை வந்தால், வேலைசெய்துகொண்டே மேலே படிக்கலாம். வராவிட்டால் முதலாளியின் கருவாட்டு வாடியில் அம்மாவோடு மீன் வெட்டப் போக வேண்டும். வாடியில் எனக்கு ஓர் இடத்தை அவர் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தார். எங்கள் கரையில் ஒரு பெண்பிள்ளைக்கு அது கொடுமையான நிபந்தனை அல்ல. பலருக்கு அந்த எல்லைகூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த இரண்டு வருஷமும், காற்றில் வாடியின் வாடை வரும்போதெல்லாம் மூடிய கொப்பியை மறுபடி திறப்பேன்.

வர்த்தக ரீச்சர் உப்புவெளியிலிருந்து சைக்கிளில் வருவார். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். பட்டதாரி, ஆனால் தொண்டர் ஆசிரியை. அதாவது, அரசாங்கச் சம்பளம் இல்லை. பெற்றோர் சங்கம் மாத முடிவில் ஏதாவது கொடுக்கும். கொடுக்காத மாதங்களும் உண்டு. நிரந்தர நியமனம் வரும், வரும் என்று மூன்று வருஷமாகக் காத்திருந்தார். அவர் முதல் நாளே எங்களிடம், பாடத்தோடு சேர்த்து ஒரு வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பது, எப்படிப் போய்க் கதைப்பது, கிடைக்கிற காசை எப்படிப் பிரித்து வைப்பது என்பதெல்லாம் படிப்பிக்கப்போவதாகச் சொன்னார். பின் வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்த என் சிநேகிதி, மெல்லப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, “தனக்கே வேலை இல்ல. எங்கள வேலைக்கு அனுப்பப்போறாவாம்,” என்றாள். வகுப்பு முழுவதும் கேட்டது. ரீச்சர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த சொல்லை முடித்துவிட்டுத் திரும்பினார்.

“ஓம். வேலை இல்லாட்டி எப்பிடி இருக்கும் எண்டு உங்கள விட எனக்கு நல்லாத் தெரியும். அதாலதான் படிப்பிக்கிறன். கொப்பியை எடுங்கோ.”

பாடப்புத்தகத்தில் கேள்விக்கும் நிரம்பலுக்கும், அதாவது சந்தையின் தேவைக்கும் வரத்துக்கும், அப்பிள் பழத்தை உதாரணம் காட்டியிருந்தார்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அப்பிள் தின்றதில்லை. ரீச்சர் புத்தகத்தை மூடிவிட்டு, “கடலுக்குப் போற பாஸ் எத்தினை மணி மட்டும்?” என்று கேட்டார். காலை பத்து மணிக்குள் எல்லா வள்ளமும் கரைக்கு வந்துவிட வேண்டும் என்பது சண்டை நடந்த அந்த நாட்களின் சட்டம். “எல்லாரும் ஒரே நேரத்தில மீனோட வந்து இறங்கினா, விலைக்கு என்ன நடக்கும்?” “விலைக்குக் காய்ச்சல் வந்து படுத்திடும், ரீச்சர்,” என்றாள் அதே சிநேகிதி. ரீச்சர் சிரித்துக்கொண்டு அந்தப் பதிலை அப்படியே கரும்பலகையில் எழுதினார். நாங்கள் தினமும் காலால் மிதித்துக்கொண்டு போன ஒன்று, எழுதிப் படிக்கக்கூடிய பாடம் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

அவர் அவசரக்காரர். பாடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை கடற்கரைக்கே வந்துவிட்டார். அம்மா மாமாவின் மீனை வழமைபோல வாடி முதலாளிக்கு நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பத்தடி தள்ளி, நகரத்திலிருந்து வந்த லொறிக்காரர் அதே மீனுக்குக் கூடிய விலை சொல்லிக்கொண்டிருந்தார். ரீச்சரால் பொறுக்க முடியவில்லை. நாலு பெண்கள் நிற்க, “அம்மா, நீங்கள் நட்டத்துக்கெல்லோ குடுக்கிறீங்கள்,” என்று சொல்லிவிட்டார். எனக்கு மணலுக்குள் புதைந்துவிடலாம் போல் இருந்தது. அம்மா தராசைக் கீழே வைத்தார்.

“ரீச்சர், லொறிக்காரர் இண்டைக்கு வந்தவர். கடலை மூடினால் அவர் வருவாரோ? போன மார்கழியில பதினெட்டு நாள் வள்ளம் இறக்க விடேல்ல. பதினெட்டு நாளும் என்ர குசினியில அடுப்பு எரிஞ்சது. ஆர்ர அரிசி அது? இந்தா நிக்கிறாரே, இவற்ற அரிசி. இதுக்கு உங்கட புத்தகத்தில என்ன பேர்?”

ரீச்சரின் முகம் சிவந்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். மணலில் சைக்கிள் இழுபட்டுப் போன கோடு வெகு நேரம் அப்படியே கிடந்தது. “பாவம், படிச்ச பிள்ளை,” என்றார் அம்மா. அதில் கேலியும் இருந்தது, கவலையும் இருந்தது. இனி அவர் என்னைக் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார் என்று நான் நினைத்தேன்.

திங்கட்கிழமை அவர் வகுப்புக்குள் வந்ததும் பேசிய முதல் வசனத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். “சனிக்கிழமை நான் ஒரு அம்மாவுக்குப் பிழையான பாடம் சொன்னனான்,” என்றார். அந்தக் காலத்தில் ஓர் ஆசிரியர் தன் வாயால் பிழை என்று சொல்லி நாங்கள் கேட்டதில்லை. முதலாளி கொடுக்கிற குறைந்த விலையையும் அவர் தருகிற அரிசியையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதினார். குறைந்த விலைக்குக் கொடுப்பது நட்டம் இல்லை, கடல் மூடுகிற நாளுக்காக அந்த அம்மா முன்கூட்டியே கட்டுகிற காப்புறுதி என்றார். பிறகு சோக்கட்டியைக் கீழே வைத்தார். “ஆனா அந்தக் காப்புறுதிக்கு அவ குடுக்கிற விலை கூட. அதைவிட மலிவா வேற வழி ஒண்டு இருக்கோ எண்டு தேடுறதுதான் பொருளாதாரம்.” அவர் அம்மாவின் பெயரைச் சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. இரண்டுக்காகவும் நான் அவரை மதித்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய், குசினி வாசலில் இருந்து, அம்மா சொன்னதற்குப் புத்தகத்தில் காப்புறுதி என்று பேர் இருக்கிறது என்றேன். அம்மா அந்தச் சொல்லை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

கதிரை வெள்ளிக்கிழமைக்கானது. கடைசிப் பாடவேளைக்கு அதிபரின் அறையிலிருந்து பிரம்புக் கதிரை ஒன்றை ரீச்சரே தூக்கி வருவார். ஒரு கால் கட்டை. மடித்த கடதாசி ஒன்றை அதன் அடியில் செருகுவார். நாங்கள் வாங்கில் இருந்து பழகியவர்கள். கை வைத்த கதிரை என்றால் அது அதிகாரிகளுக்கு உரியது என்பது எங்கள் எண்ணம். ரீச்சர் மேசைக்குப் பின்னால் முகாமையாளர் போல இருப்பார். ஒவ்வொருவராக வெளியே போய், கதவைத் தட்டி, உள்ளே வந்து, வணக்கம் சொல்லி, அனுமதி கேட்டு அந்தக் கதிரையில் இருக்க வேண்டும். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். முடிவில் நாங்களும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். “ஒரு கேள்வியும் இல்லாத ஆளை நான் வேலைக்கு எடுக்கமாட்டன்,” என்பார்.

எங்களால் இருக்க முடியவில்லை. ஒருவராலும் முடியவில்லை. உள்ளே வந்து மேசைக்கு முன்னால் விறைத்துக்கொண்டு நிற்போம். கண் நிலத்தில். கை தானாகப் புத்தகப் பையைத் திறக்கும். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ,” என்று கேட்டபோது என் சிநேகிதி, அவ்வளவு வாய்க்காரி, தன் பெயர், தகப்பன் பெயர், விலாசம், கிராம சேவகர் பிரிவு, எங்கேயிருந்து வருகிறாள், எங்கே போகிறாள், எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்று ஒரே மூச்சில் ஒப்புவித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை. எங்களில் யாரைக் கேட்டிருந்தாலும் அதே பதில்தான், அதே ஒழுங்கில் வந்திருக்கும். ரீச்சர் அதை வெட்கம் என்றே நினைத்தார். “வெட்கப்பட்டா வேலை கிடைக்காது,” என்று வாரத்துக்கு வாரம் ஏசினார். வகுப்பில் திக்கித் திக்கிப் பேசும் ஒரு பிள்ளை இருந்தாள். அவளை மட்டும் ஒரு வெள்ளிகூடக் கதிரைக்கு அழைக்கவில்லை. இரக்கத்தில்தான் விட்டார் என்பது தெரியும். ஆனால் அந்தப் பிள்ளை ஒவ்வொரு வெள்ளியும் தன் முறைக்காகச் சட்டையைச் சரிசெய்துகொண்டு காத்திருந்ததை, பக்கத்து வாங்கிலிருந்து நான் பார்த்தேன். ரீச்சரைப் பற்றி எனக்கு இருக்கிற ஒரே மனக்குறை அதுதான்.

பதினோராம் தரத்தின் நடுவில் ரீச்சருக்கு நியமனத்துக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்தது. அடுத்த வெள்ளி அவர் கதிரையைத் தூக்கிவந்து வைத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கி நின்றார். “இண்டைக்கு நீங்கள் என்னைக் கேளுங்கோ. எனக்கும் பழக்கம் வேணும்,” என்றார். எங்களில் மூன்று பேரை மேசைக்குப் பின்னால் இருத்தினார், நடுவில் நான். அவர் வெளியே போய்க் கதவைத் தட்டினார். “வாங்கோ,” என்றேன், முடிந்தவரை தடித்த குரலில். சிநேகிதி சிரிப்பை அடக்கப் பாடுபட்டாள்.

ரீச்சர் உள்ளே வந்தார். நேராக மேசையடிக்கு வந்து நின்றார். கைப்பையைத் திறந்து, அடையாள அட்டையை எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். பிறகு பையின் வாயை விரித்து, உள்ளே பார்ப்பதற்கு வசதியாக எங்கள் பக்கம் சரித்துப் பிடித்தார்.

சிநேகிதியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ரீச்சர் தன் கையைப் பார்த்தார். அது யாரோ வேறொருவரின் கை என்பதுபோலப் பார்த்துக்கொண்டே நின்றார். உப்புவெளியிலிருந்து பாடசாலைக்கு வர அவர் தினமும் இரண்டு ஆமிக் காவலரணில் இறங்கி, அட்டையைக் காட்டி, பையைத் திறந்து பிடிப்பார். போகும்போது மறுபடி இரண்டு. பையை மூடி, கதிரையை மெல்ல இழுத்து அதில் இருந்தார். “இது வெட்கம் இல்ல,” என்றார். எங்களுக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை. “இவ்வளவு நாளும் நான் உங்களைச் சும்மா ஏசியிருக்கிறன்.”

அடுத்த வெள்ளி வகுப்பு வாசலில் நின்றுகொண்டு எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொன்னார். “ரோட்டில கேட்டால் ஐசியை எடுத்துக் குடுங்கோ. தலையைக் குனிஞ்சு நில்லுங்கோ. அங்க அது உயிர். ஆனா ஒரு அறைக்குள்ள போகேக்க, செருப்போட சேர்த்து அந்த ரோட்டையும் வாசல்ல கழற்றி வைச்சிட்டுப் போங்கோ. திரும்பி வரேக்க மாட்டிக்கொள்ளலாம். அது அங்கதான் கிடக்கும், ஒருத்தரும் எடுத்துக்கொண்டு போகமாட்டினம்.” அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் வகுப்பு வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நடந்து போய், அனுமதி கேட்டு, கதிரையில் முதுகு சாய்ந்து இருக்கப் பழகினோம். மூன்று மாதம் எடுத்தது.

பரீட்சை விடுமுறையில் அவருக்கு நியமனம் கிடைத்தது. வெருகல் பக்கத்தில் ஒரு பாடசாலை. அந்தப் பக்கத்துப் பாதை திறப்பதும் மூடுவதுமாக இருந்த காலம். திறந்திருந்த ஒரு நாளில் யாரிடமும் சொல்லாமலே புறப்பட்டுவிட்டார். எனக்குக் கோபம்தான். ஆனால் போகும் முன், நகரத்தில் கூட்டுறவுச் சங்கத்தின் வங்கி ஒரு பயிலுநரை எடுக்கப்போகிறது என்ற விளம்பரத்தை என் பெயர் எழுதிய கடித உறையில் போட்டு அதிபரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

நேர்முகத் தேர்வு நாள் மூன்று காவலரணில் பஸ்ஸிலிருந்து இறங்கி ஏறினேன். ஓர் இடத்தில் அரை மணித்தியாலம் வெயிலில் வரிசை. வங்கி வாசலில் மறக்காமல் செருப்பைக் கழற்றினேன். உள்ளே மேசைக்குப் பின்னால் மூன்று பேர். என் முறை வந்ததும் போனேன், நின்றேன். அடையாள அட்டை மேசையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. பையின் வாயும் திறந்திருந்தது. முகாமையாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து, “என்ன பிள்ளை, எங்களைப் பார்த்தா ஆமிக்காரர் மாதிரி இருக்கோ?” என்றார். மற்ற இருவரும் சிரித்தார்கள். வாடியின் வாடை அந்த அறைக்குள் வந்துவிட்டது போல இருந்தது எனக்கு. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். அப்போதுதான் உள்ளங்காலில் தரையின் குளிர் பட்டது.

“மன்னிக்க வேணும், ஐயா. மூண்டு இடத்தில காட்டிப்போட்டு வாறன். கை இன்னும் ரோட்டிலயே நிக்குது,” என்றேன். அட்டையை எடுத்துப் பைக்குள் வைத்தேன். “நான் இருக்கலாமோ?”

சிரிப்பு நின்றது. “இருங்கோ, பிள்ளை,” என்றார் முகாமையாளர். முதுகு சாய்ந்து இருந்தேன். கடற்கரைப் பிள்ளைக்கு வங்கியைப் பற்றி என்ன தெரியும் என்று ஒருவர் கேட்டார். அம்மாவின் பதினெட்டு நாள் அரிசியைப் பற்றிச் சொன்னேன். அது ஒரு காப்புறுதி என்றும், அதன் விலை கூட என்றும் சொன்னேன். முடிவில், கேட்க ஏதாவது இருக்கிறதா என்று அவர்கள் கேட்காமலே, என் கேள்வியைக் கேட்டேன். “மீன் விக்கிற பொம்பிளையளில எத்தினை பேருக்கு இஞ்ச சேமிப்புப் புத்தகம் இருக்கு, ஐயா?”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “அவையள் வாறேல்லையே, பிள்ளை.”

“வந்தவை, ஐயா. என்ர அம்மா ஒருக்கா வந்தவ. வாசலடியில நிண்டு பாத்திட்டுத் திரும்பிட்டா. இருங்கோ எண்டு சொல்ல ஒருத்தரும் இல்ல.”

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். வலையிலிருந்து கண்ணை எடுத்தார். “கதிரையில இருக்கிற வேலையோ?” “ஓம், மாமா.” “முதலாளிக்கு நான்தான் போய்ச் சொல்ல வேணும் இனி,” என்று முணுமுணுத்துவிட்டு மறுபடி ஊசியைக் கோத்தார். ஆனால் அன்றைக்குப் பெரிய பாரை மீன் ஒன்று விற்பனைக்குப் போகாமல் எங்கள் குசினிக்கு வந்தது.

இப்போது சமாதானம் என்று சொல்கிறார்கள். பாஸ் நேரம் நீண்டிருக்கிறது. காவலரண்களில் சில வெறுமையாகக் கிடக்கின்றன. இது எவ்வளவு நாளைக்கு என்று எங்கள் கரையில் யாரும் பந்தயம் பிடிப்பதில்லை. நான் வேலைசெய்துகொண்டே உயர்தரம் எழுதிச் சித்தியடைந்துவிட்டேன். வங்கியில் என் மேசைக்கு முன்னால் ஒரு கதிரை போட்டிருக்கிறேன். மீன் வாடையோடு வருகிற பெண்களை முதலில் அதில் இருக்கச் சொல்வேன். அம்மா வந்து ஒரு ஓரமாகத்தான் இருந்தார். இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறார். ஆனால் அவருடைய சேமிப்புப் புத்தகத்தில் பதினெட்டு நாளுக்கு மேலான அரிசி இருக்கிறது. முதலாளிக்கு இப்போதும் மீன் கொடுக்கிறார். ஆனால் விலையைச் சொல்வது இப்போது அம்மாதான்.

பிள்ளைகள் மட்டும் இன்னும் நிற்கிறார்கள். பாடசாலை முடித்து வங்கிக்கு வருகிறவர்களின் கை, நான் ஒன்றும் கேட்கும் முன்னமே பைக்குள் போகிறது. காவலரண் வெறுமையானாலும் கைக்கு அது தெரியவில்லை. போன மாதம் என் பழைய பாடசாலை அதிபரிடம் போய், வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையைத் தரும்படி கேட்டேன். அந்த நேரத்துக்கு என்னை அனுப்ப வங்கி முகாமையாளரும் ஒத்துக்கொண்டார். பிரம்புக் கதிரை உடைந்துபோய் எப்போதோ எறிந்துவிட்டார்களாம். நகரத்தில் ஒன்று வாங்கினேன். மாமாதான் அதைச் சைக்கிள் கரியரில் கவிழ்த்துக் கட்டினார்.

“இது ஆருக்கு?” என்று கேட்டார், தெரிந்துகொண்டே.

“மீன்காரியளின்ர பெட்டையளுக்கு.”

கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினார். “நாலு காலும் சரியா நிக்குதோ எண்டு இறக்கினதும் பார். கடைக்காரரை நம்ப ஏலாது.”

நேற்று முதல் வெள்ளி. நாலு காலும் சரியாகவே நின்றன. கடைசி வாங்கில் ஒருவரோடும் பேசாமல் இருந்த பிள்ளையைத்தான் முதலில் அழைத்தேன். அவள் வந்து நின்றாள். அவள் கை பையைத் தேடியது. நான் காத்திருந்தேன். வாசலில் பதினான்கு சோடிச் செருப்புகள் கிடந்தன. அதில் ஒரு சோடி என்னுடையது.